அரை மாத்திரை

டிவி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்பதும், அவர் "சரியா கேக்கல" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து படம் பார்ப்பதும் இப்போது எல்லா வீடுகளிலும் சாதாரணமாகிவிட்டது. ரிமோட் ஒருவர் கையில் நிரந்தரமாக இருக்கிறது. பேச்சு வரும்போது வால்யூமைக் கூட்டுகிறார், சண்டையோ விளம்பரமோ வந்தால் பதறிக் குறைக்கிறார், திரும்பவும் கூட்டுகிறார். தமிழ்ப் படத்தைத் தமிழர்களே ஆங்கிலத் துணையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். இதை யாரும் ஒரு குறையாக எடுத்துப் பேசுவதில்லை. படம் மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள், சொல் மங்கலாகக் கேட்பதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமைதான் என்னை உறுத்துகிறது. அதற்கு மருந்தாகக் கடைகளில் விற்கப்படுவது சவுண்ட் பார், டிவிக்குக் கீழே வைக்கும் அந்த நீளமான ஒலிப்பெட்டி. அதை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சொல்லைப் பற்றிப் பேசிக்கொள்வது அரிது. எத்தனை வாட், பேஸ் எப்படி அதிரும், தியேட்டர் மாதிரி இருக்குமா என்பதே பேச்சாக இருக்கிறது.

சொல் தெளிவாகக் கேட்காத இந்தக் குறையை ஏற்காடு என்ற மலையூரோடு சேர்த்து யோசிக்கக் காரணம் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. 1938-ல் முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்', 1940-ல் பி.யூ. சின்னப்பா இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்', 1950-ல் 'மந்திரி குமாரி', 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அங்கே உருவானவை. 'மந்திரி குமாரி'க்கு மு. கருணாநிதி வசனம் எழுதினார். இயக்கியவர்களில் ஒருவரான எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தப் படத்தைத் தமிழர்கள் நினைவில் வைத்திருப்பது வசனத்துக்காகத்தான். அந்தத் தலைமுறைக்குப் படம் பார்ப்பது பாதி, கேட்பது பாதி. வானொலி ஒலிச்சித்திரம் என்று ஒன்றை நடத்தியது. காட்சியே இல்லாமல் ஒரு முழுப்படத்தைச் சுருக்கிக் காதால் பார்க்கவைத்தார்கள், மக்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். 'திருவிளையாடல்' வசனம் கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் மைக் செட்டில் ஓடியது. 1984-ல் வந்த 'விதி'யின் நீதிமன்றக் காட்சி கேசட்டாக விற்றுத் தெருவெல்லாம் ஒலித்தது. வசனத்தை இந்த அளவுக்குக் காதில் ஏற்றிவைத்திருந்த ஒரு சமூகம், இன்று தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வசனத்தைத் தவறவிடுகிறது.

அந்த மைக் செட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தென்னை மரத்திலோ கம்பத்திலோ கட்டிய தகரக் குழாய் அது. ஆழமான ஒலி அதிலிருந்து வரவே வராது. நாதஸ்வரம்கூட அதில் மூக்கடைத்தாற்போலக் கேட்கும். இசைக்கு அது பெரும் அநியாயம். ஆனால் வசனம் மட்டும் அடுத்த ஊர்வரைக்கும் எழுத்தெழுத்தாகப் போய்ச் சேரும். பழைய தொலைபேசியும் அப்படித்தான். ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே அது கடத்தியது. அதற்குக் கீழே உள்ள அதிர்வையும் மேலே உள்ள மினுக்கத்தையும் வெட்டியெறிந்த பிறகும், எதிர்முனையில் பேசுபவர் யார், என்ன சொல்கிறார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரிந்தது. சொல்லைக் கேட்பதற்கு மிகக் குறைந்த கருவி போதும் என்பதற்கு இந்த இரண்டும் சான்று. அப்படியானால் லட்சக்கணக்கான புள்ளிகளில் படம் காட்டும் டிவி, மரத்தில் கட்டிய குழாய் செய்ததைச் செய்ய முடியாமல் போவது ஏன்?

தொல்காப்பியத்தின் கணக்கில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. கண் இமைக்கும் நேரமோ விரல் நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை என்றால், அதில் பாதிதான் மெய்யின் ஆயுள். பேச்சின் வலிமையில் பெரும்பங்கு உயிரெழுத்துகளில் இருக்கிறது. அவை ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நின்று, நீண்டு, அறையை நிரப்புகின்றன. மெய்யெழுத்துகள் மெலிந்தவை. ககரம், தகரம், டகரம் எல்லாம் ஒரு சிறு வெடிப்பாக வந்து போய்விடுகின்றன. ஆனால் சொல்லுக்கு அடையாளம் கொடுப்பவை அவைதான். அவற்றின் தடயம் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் கிடக்கிறது. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெருமளவு 1,500-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட பகுதியில் நடக்கும் நுண்ணிய இடமாற்றத்தால்தான். அந்தப் பகுதி கொஞ்சம் மழுங்கினாலும் வாலை, வாளை, வாழை மூன்றும் ஒன்றாகிவிடும். சத்தம் முழுதாகக் காதில் விழும், பொருள் விழாது. "சத்தமா இருக்கு, ஆனா புரியல" என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்வது துல்லியமான கண்டறிதல். அதைச் சொன்னவுடன் இன்னொருவர் வால்யூமை மேலும் கூட்டுவதுதான் தவறு. கூட்டும்போது உயிரெழுத்தும் பின்னணி இசையும் சேர்ந்தே கூடுகின்றன. அரை மாத்திரை அதே இடத்தில், அதே அளவுக்குப் பின்தங்கியே நிற்கிறது.

டிவிக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு வருகிறேன். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுக்கத் தொடங்கியது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள், சேர்வராயன் மலையின் ஊர்கள் உட்படத் தமிழகம் முழுக்கப் போயின. 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதிய அதே கை முதலமைச்சராக இருந்து கொடுத்த பெட்டிகள் அவை. 14 அங்குலத் திரை, கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றி ஆழமான பிளாஸ்டிக் கூடு. இன்றைய கணக்கில் படம் மோசம். ஆனால் அந்தக் காலத்துக் குழாய் டிவிகளில் பெரும்பாலும் திரைக்குப் பக்கத்திலோ கீழேயோ ஓட்டைகள் போட்ட ஒரு பகுதி இருக்கும், அதற்குப் பின்னால் ஒரே ஒரு சிறிய ஸ்பீக்கர், பார்ப்பவரை நோக்கியபடி. பிறகு வந்த தட்டை டிவிகளில் திரையின் விளிம்பு வருடத்துக்கு வருடம் மெலிந்தது. விளிம்பு இல்லாத திரைதான் அழகு என்று ஆனபோது ஸ்பீக்கருக்கு முன்பக்கத்தில் இடமே இல்லாமல் போனது. பெரும்பாலான செட்டுகளில் அது அடிப்பக்கம் தரையைப் பார்த்தபடியோ முதுகில் சுவரைப் பார்த்தபடியோ போய் உட்கார்ந்துவிட்டது. தடித்த ஒலி வளைந்து எல்லாப் பக்கமும் பரவும். மெல்லிய உயர் ஒலி, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நேராகப் போகும். ஆகவே உயிரெழுத்து சுற்றி வந்து நம்மைச் சேர்கிறது, மெய்யெழுத்து சுவரில் மோதிச் சிதறிய பிறகு பாதியாக வருகிறது. ஆழமற்ற பெட்டியில் பேஸ் இல்லை என்பதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். என் கணிப்பில் பெரிய இழப்பு வேறு. டிவி நம்மைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் சவுண்ட் பாரின் முதல் நன்மை மிக எளியது. அதன் ஸ்பீக்கர்கள் நம்மை நோக்கியிருக்கின்றன. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்குக்கு இதில் வேலையில்லை. ஆகவே அதைப் பொருத்தும்போது காக்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான். ஏற்காட்டு வீடுகளில், ஏன் தமிழ்நாடு முழுக்கவே, டிவி இருக்கும் இடம் ஷோகேஸ். பொம்மைகளுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே, மூன்று பக்கமும் பலகை அடைத்த தட்டுக்குள் பாரைத் தள்ளிவைத்தால், விலை கொடுத்து வாங்கிய நேர்முகத்தை நாமே அடைத்துவிடுகிறோம். அது மேசையின் முன்விளிம்புவரை வெளியே வர வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். டிவி உத்தரத்தை ஒட்டி மாட்டப்பட்டிருந்தாலும் பார் கீழேயே இருக்கலாம். குரல் உதட்டிலிருந்து வருவதாகக் கண் எடுத்துக்கொள்ளும், சில அடி வித்தியாசத்தைக் காது மன்னித்துவிடும். இணைப்புக்கு, டிவியின் பின்னால் ஏ.ஆர்.சி. என்று குறித்த எச்.டி.எம்.ஐ. துளை போதும். 2009-லிருந்து உள்ள வசதி அது. 2017-ல் வந்த இ-ஏ.ஆர்.சி. பேச்சைத் தெளிவாக்க எதையும் கூடுதலாகத் தருவதில்லை. அந்தத் துளையே இல்லாத பழைய செட் என்றால் ஆப்டிகல் கேபிள். புளூடூத்தை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் ஒலி தாமதமாகிறது. உதட்டசைவுக்கு முன்னதாக 45 மில்லி நொடி ஒலி வந்தாலோ, பின்னதாக 125 மில்லி நொடி வந்தாலோ மனிதர்கள் கண்டுகொள்கிறார்கள் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பேச்சைப் புரிந்துகொள்ளக் காது கண்ணின் உதவியையும் எடுத்துக்கொள்கிறது. உதடு ஒன்று சொல்ல ஒலி வேறு நேரத்தில் வந்தால் அந்த உதவி போய்விடும். இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். பார் ஓடும்போது டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே சொல் இரண்டு இடத்திலிருந்து சற்றே முன்பின்னாக வந்து தன்னைத்தானே குழப்பும். மலைக்கு மட்டும் உரிய ஒரு குறிப்பு: கோடை இடிமழையின்போது பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது. மின்னல் கேபிள் வழியாக வந்தால் எச்.டி.எம்.ஐ. துளை பிழைப்பது கடினம்.

இங்கேதான் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்று பாரோடு வரும் தனிப்பெட்டி, பற்றிய என் சந்தேகம் தொடங்குகிறது. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைக்கும், உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்க முடியாது. கேட்டலின் இந்த ஒருதலைப்பட்சம் ஒலியியலில் நன்கு அறியப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளில் ஓடையோரம் வாழும் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்டவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். நீரின் இரைச்சலுக்கு மேலே ஒரு மெல்லிய, உயர்ந்த இடத்தில் அது தன் குரலை வைத்திருக்கிறது. சுவர் மூலையில் வைத்த சப்வூஃபரின் ஒலி, மூன்று பரப்புகள் சேர்ந்து ஊக்கப்படுத்த, இன்னும் தடிப்பாகி மெய்யெழுத்தின் மேல் படுத்துக்கொள்கிறது. தெளிவு வேண்டிப் பணம் கொடுத்தவர், அதை மூடும் கருவியையும் அதே பெட்டியில் வாங்கி வருகிறார். அதை மூலையிலிருந்து நகர்த்தி, அளவை முக்கால்வாசி குறைத்து வைத்தால் போதும். பாட்டு கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம். சில நாள் அணைத்தே வைத்துப் பார்க்கலாம்.

மலையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி ஏற்காடு ஏரியைச் சுற்றிய பள்ளத்தில் தேங்குகிறது. கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு என்று அடுக்கு தலைகீழாகிவிட்டால், மேலே போய் மறைய வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. அதனால்தான் இரவில் எங்கோ நடக்கும் கொண்டாட்டத்தின் அதிர்வு அடுத்த சரிவில் இருப்பவர் தலையணைக்கு வந்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடையே இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் ஒலிக்கருவி தன் எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது என்கின்றன. நல்ல விதி. ஆனால் அது ஏற்றுக்கொண்ட அளவுமுறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 30 டெசிபல் கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள். கருவி விதிக்குள் இருப்பதாகக் காட்டும்போதும் பக்கத்து வீட்டின் ஜன்னல் அதிர்ந்துகொண்டிருக்கலாம். சட்டம் இந்த இடத்தில் நமக்காக யோசிக்கவில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும். சொல்லுக்காகப் பொருத்திய சவுண்ட் பார் நம் கூடத்தைத் தாண்டுவதில்லை. அதிர்வுக்காகப் பொருத்தியது ஊரையே பங்காளியாக்கிவிடுகிறது.

அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பாதி வழக்கு அங்கேதான் இருக்கிறது. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகள் மண் சுவரும் புல் கூரையுமாக இருந்தன. அந்த இரண்டும் ஒலியை உறிஞ்சும். அவற்றுக்குள் பேசினால் சொல் சொன்ன இடத்தில் சொன்னபடி முடியும். இப்போது சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம், உள்ளே ஒன்றுமில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒலி அடங்க இரண்டு நொடிக்கு மேல் ஆகும். பேச்சுக்கு நல்ல அறையில் அது அரை நொடி அளவில் இருக்க வேண்டும். முன்னால் சொன்ன உயிரெழுத்தின் வால் இன்னும் சுவர்களுக்கிடையே அலைந்துகொண்டிருக்கும்போது அடுத்த மெய் வந்து அதற்குள் மூழ்குகிறது. 1895-ல் ஹார்வர்டின் ஃபாக் அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்க வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் நியமிக்கப்பட்டார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. ஏற்காட்டில் குளிருக்காக எல்லா வீட்டிலும் கம்பளியும் ரஜாயும் இருக்கின்றன. ஒரு கட்டில் மெத்தை, தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமக்காளம், எதிர்ச்சுவரில் துணியோ புத்தக அலமாரியோ. இவ்வளவு இருந்தால் அதே அறை ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். இதைச் செய்யாமல் வாங்கும் எந்தக் கருவியும், எதிரொலிக்கும் அறைக்கு இன்னும் கொஞ்சம் எதிரொலியைத்தான் கொடுக்கும். பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியதை நான் இவ்வளவு பின்னால் சொல்வதற்குக் காரணம், கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதும், சொன்னாலும் கருவியின் மேல் மயக்கம் உள்ளவர்கள் கேட்கமாட்டார்கள் என்பதும்தான்.

தகரக் கூரை வேறு கதை. வடகிழக்குப் பருவமழை தகரத்தில் இறங்கும்போது பக்கத்திலிருப்பவரிடம் பேசவே தொண்டையை உயர்த்த வேண்டியிருக்கிறது. மழையின் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவியது, ஆகவே அது மெய்யெழுத்தையும் விடாது. அந்த நேரத்தில் வால்யூமைக் கூட்டுவது மழையோடு போட்டி போடுவது. தகரத்துக்குக் கீழே ஒரு உள்கூரை அடிப்பதுதான் உண்மையான தீர்வு. அது முடியாதென்றால் தூரத்தைக் குறைக்கலாம். ஒலி மூலத்துக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. ஒரு ரூபாய் செலவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும்.

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு உண்டு. குற்றம் கருவியிலும் அறையிலும் இல்லை, படம் எடுப்பவர்களிடம்தான் இருக்கிறது என்பது அது. இதில் உண்மை நிறைய. ஒற்றைத் தடத்தில் ஒலி பதிந்த காலத்தில் வசனத்துக்கும் இசைக்கும் இடம் ஒன்றே. வசனம் வரும்போது இசை ஒதுங்கியே ஆக வேண்டும். 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி சரவுண்டோடு வந்த காலத்திலிருந்து தமிழ்ப் படம் ஒலியைப் பல திசைகளில் விரித்தது. கலையாக அது பெரிய விடுதலை. தியேட்டருக்காகக் கலந்த அந்த ஒலியில் முணுமுணுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. இருட்டும் அமைதியுமான அரங்கில் அது அழகு, குக்கர் விசில் அடிக்கும் வீட்டில் அது சித்திரவதை. விளம்பரத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் விளம்பரத்தின் ஒலி மிதமிஞ்சி உரக்க இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. மிதமிஞ்சியது எது என்று அளக்க எண் எதுவும் அதில் இல்லை. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-ல் உரப்புக்கு ஓர் எண்ணை நிர்ணயித்தார்கள். அமெரிக்கா அதே ஆண்டு சட்டமே போட்டு 2012 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. நம்முடைய விதிக்கும் ஓர் எண் வேண்டும், அதைக் கேட்பது பார்வையாளர்களின் உரிமை. ஆனாலும் அவர்கள் திருந்தும்வரை காத்திருக்கச் சொல்வது பதிலாகாது. ஐந்து தட ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் தனியாக இருக்கிறது. இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவி அதை இரண்டு பக்கமும் பங்குபோட்டு மற்ற எல்லாவற்றோடும் கலந்துவிடுகிறது. நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட் பார், கடைக்காரர்கள் 3.1 என்று சொல்வது, அந்த ஒரு தடத்தை மட்டும் உயர்த்தவிடும். இசையமைப்பாளருக்கும் துரோகமில்லை, வசனகர்த்தாவுக்கும் நியாயம். இரவு நேர அமைப்பு என்று பெரும்பாலான பார்களில் ஒரு பொத்தான் உண்டு, அது முணுமுணுப்பை உயர்த்தி வெடிப்பைத் தாழ்த்தும். பொத்தானைத் தொடுவது கலைஞரின் நோக்கத்தைச் சிதைப்பது என்பவர்களுக்கு ஒன்று கேட்கலாம். கேட்காத வசனத்தில் எந்த நோக்கம் நிறைவேறுகிறது?

மென்மையான, ஆனால் என்னை அதிகம் உறுத்தும் மறுப்பு இன்னொன்று. மலைக்குப் போவதே அமைதிக்காக, அங்கே டிவியே வேண்டாம், சவுண்ட் பார் எதற்கு என்பது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து இரண்டு நாள் தங்கிப்போகிறவரின் நியாயம் இது. அவருக்கு அது சரி. விடுதி அறைகளில் பெரிய சப்வூஃபர்களை வைக்காதீர்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ள எனக்கும் தயக்கமில்லை. ஆனால் 60-க்கும் மேற்பட்ட ஊர்களில் அந்த மலையிலேயே பிறந்து வாழ்கிறவர்களுக்கு மூடுபனி ஒரு காட்சி மட்டும் அல்ல. நவம்பர், டிசம்பரில் காப்பிப் பழம் பறித்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பி, வெளியே ஒன்றும் தெரியாத நீண்ட இரவைக் கடத்த வேண்டிய வேலை அவர்களுக்கு இருக்கிறது. செய்தியும் சீரியலும் படமும் அப்போது துணை. அந்தத் துணை தெளிவாகப் பேச வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமாகாது. அமைதியான இடத்தில்தான் குறைந்த ஒலியில் சொல் கேட்க வாய்ப்பே இருக்கிறது. மலையின் அமைதியைக் காப்பாற்ற விரும்புகிறவர், சொல் குறைந்த வால்யூமில் விளங்கும்படி செய்கிறவரோடு சேர வேண்டியவர்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நடு ஸ்பீக்கர் உள்ள பார் தினக்கூலிக் குடும்பத்துக்குச் சுமைதான். வீட்டில் பழைய ஹோம் தியேட்டரோ டேப் செட்டின் இரண்டு பெட்டிகளோ கிடந்தால், டிவியின் இரு பக்கமும் நம்மைப் பார்க்க வைத்து இணைத்தாலே முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும். பார் என்பது அதை ஒரே கேபிளில், ஒரே ரிமோட்டில் செய்துகொடுக்கும் வசதி, அவ்வளவே. முதியவர்களுக்கு இது மருத்துவம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன், அதாவது மெய்யெழுத்துகளின் பகுதி. உலகில் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைபாட்டுக்கு உதவி தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டிலிருக்கும் பாட்டி வால்யூமைக் கூட்டச் சொன்னால் எரிச்சலடைவதற்குப் பதில், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒருமுறை கூட்டிப்போவதே முதல் கடமை.

வாங்குவதென்று முடிவு செய்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் அவர்களாகப் போட்டுக்காட்டும் வெடிச்சத்தத்தையும் ஹெலிகாப்டரையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சப்வூஃபரை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு செய்தி வாசிப்பையோ பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் வசனக் காட்சியையோ, வீட்டில் இரவு பத்து மணிக்கு வைக்கும் அளவில் ஓடவிடச் சொல்லுங்கள். பத்தடி தள்ளி, உதட்டைப் பார்க்க முடியாதபடி திரைக்கு முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாக வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் எத்தனை வாட்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். போகும்போது வீட்டில் வயதில் மூத்தவரையும் கூட்டிப்போங்கள். அவருக்கு எது கேட்கிறதோ அதுவே வாங்க வேண்டியது.